பாரியின் தேரும் அடுத்தவர் காரும்

வெயிலில் பூட்டி நிறுத்திய கார். உள்ளே ஒரு நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டிருக்கிறது. சொந்தக்காரரைக் காணோம். நீங்கள் வழியோடு போகிறவர். கண்ணாடியை உடைப்பீர்களா, மாட்டீர்களா?

ஒரு மாதமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஃப்ளோரிடாவில் இருக்கும் அத்தை மகன், "உடைச்சுட்டு அப்புறம் கோர்ட்டுக்கு யார் அலையறது?" என்றான். ஷார்ஜாவில் இருக்கும் காலேஜ் தோழன், "மாப்ளே, நாம பிழைக்க வந்த எடத்துல நமக்கெதுக்கு வம்பு?" என்றான். பிளஸ் டூ படிக்கும் என் மகள் ஒரு நொடிகூட யோசிக்காமல் "உடைக்கணும்ப்பா" என்றாள். வீட்டம்மா சொன்னதுதான் உச்சம். "நீங்க உடைப்பீங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வவுச்சர் எழுதி, ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் உடைப்பீங்க!"

இருபது வருஷ பேங்க் உத்தியோகம் மனுஷனை அப்படி ஆக்கிவிடுகிறது. என்ன செய்ய! ஆனால் யோசித்துப் பார்த்தால், சரியான பதில் அந்தக் கிண்டலுக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். திக்லிபூர். அந்தமானின் வடகோடி. தலைநகர் போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பரிலிருந்து அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், வாய் இன்னும் பழகவில்லை) சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர். நடுவில் ஜாரவா பழங்குடிக் காப்புக்காடு. அங்கே நினைத்த நேரத்தில் போக முடியாது. குறித்த நேரத்துக்கு வரிசையாக, போலீஸ் துணையோடுதான் வண்டிகள் போகும். விடிகாலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் ஊர் போய்ச் சேரலாம். ஒரு காரின் கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கண்ணாடி இந்தத் தூரத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். போர்ட் பிளேரில் ஸ்டாக் இல்லையென்றால் சென்னையிலிருந்து கப்பல். ஆகவே இங்கே கண்ணாடி என்பது சின்ன விஷயமில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காருக்குள் என்னதான் நடக்கிறது?

கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வருகிறது. சீட், டாஷ்போர்டு எல்லாம் சூடாகின்றன. அந்தச் சூடு உள்ளிருக்கும் காற்றுக்கு ஏறுகிறது. வெளியேற வழியில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து 2005ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெளியே 22 டிகிரியோ 35 டிகிரியோ, எதுவானாலும் ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடிவிடுகிறது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. "ஜன்னலைக் கொஞ்சம் இறக்கித்தானே வைத்திருக்கிறேன்" என்கிறோமே, அதனால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் அவர்கள் அளந்தே காட்டினார்கள்.

அப்படியானால் வெளியே 30 டிகிரி இருக்கும் திக்லிபூர் மத்தியானத்தில், அரை மணியில் உள்ளே 47, 48. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி இரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். பூட்டிய காருக்குள் அதன் மூச்சே காற்றை ஈரமாக்கிவிடும். எங்கள் தீவுக் காற்றில் ஏற்கெனவே ஈரம் சொட்டுகிறது. ஈரக் காற்றில் துணியே காயாது, நாய் நாக்கு எப்படிக் காயும்? நாயின் இயல்பான உடல் சூடு 38, 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும்.

இது நடக்காத கதையில்லை. 2022 ஜூலையில் ஆக்ராவில் தாஜ்மகால் வண்டி நிறுத்துமிடத்தில் பூட்டிய காருக்குள் ஒரு வளர்ப்பு நாய் செத்துப்போனது. சொந்தக்காரர்கள் சுற்றிப்பார்க்கப் போயிருந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால், அதே 2022 ஜூனில், நம் திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடி அருகே லெப்பைக்குடியிருப்பில் நின்றிருந்த காருக்குள் ஏறி விளையாடிய 3 குழந்தைகள், கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே இறந்துபோனார்கள். நாயைப் பற்றிப் பேசும்போது குழந்தைகளை ஏன் இழுக்கிறேன் என்று கேட்காதீர்கள். சூட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது ஏரியல் பே கதை.

திக்லிபூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஏரியல் பே படகுத்துறை. ராஸ், ஸ்மித் என்று இரட்டைத் தீவுகள், நடுவில் மணல் திட்டு. ஓதம் ஏறினால் திட்டு முழுகும், இறங்கினால் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நடந்தே போகலாம். வருகிற சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் காரைத் துறையில் நிறுத்திவிட்டுப் படகு ஏறுவார்கள். திரும்ப இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து வந்த மைத்துனர் குடும்பத்தைப் படகேற்றிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வெள்ளை காரைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். உள்ளே பொமரேனியன் நாய் ஒன்று. படகில் ஏற்ற மாட்டார்கள் என்று கடைசி நேரத்தில் தெரிந்திருக்கும், விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு ஜன்னல் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. காலையில் வேப்பமரத்து நிழலில் நின்ற கார், இப்போது முழு வெயிலில். (நிழல் நகரும் என்பதை நிழலில் வண்டி விடுகிற யாரும் நினைப்பதில்லை.) நாய் முதலில் குரைத்ததாம். நான் போனபோது குரைக்கவில்லை. சீட்டின் மேல் சரிந்து கிடந்தது. வாயில் நுரை.

கவுன்ட்டரில் எழுதி வைத்திருந்த செல் நம்பருக்குப் போட்டுப் பார்த்தார்கள். டவர் இல்லை. ஒரு படகுக்காரர் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். போக வர ஒரு மணி நேரம். போலீசுக்கும் சொன்னோம், வருகிறோம் என்றார்கள். கூட்டத்தில் வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள், தமிழர்கள் என்று சகலரும் இருந்தோம். எல்லாருக்கும் பொது மொழி இந்தி. "தோடோ, தோடோ" (உடை, உடை) என்று பத்துக் குரல். ஒரு கை நீளவில்லை!

கடைசியில் உடைத்தவன் படகில் எடுபிடி வேலை பார்க்கும் ஒரு பையன். இருபது வயது இருக்கும். தினக்கூலி. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒரு ஸ்பேனரை எடுத்து, நாய் கிடந்த பக்கம் இல்லாமல் எதிர்ப்பக்கப் பின்கண்ணாடியின் மூலையில் இரண்டு போடு. கதவைத் திறந்து நாயை நிழலில் கிடத்தினான். தண்ணீரை வயிற்றிலும் பாதத்திலும் ஊற்றி விசிறினோம். ஆட்டோ ஒன்றில் போட்டு டவுனில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

அப்புறம்தான் கவனித்தேன். "தோடோ" சொன்ன பத்துக் குரலையும் காணோம். கண்ணாடிச் சில்லுக்கு நடுவே பையன் மட்டும் நிற்கிறான். ஓடிப்போயிருக்கலாம், ஓடவில்லை. "சாப், நான் போகலாமா?" என்று என்னிடம் கேட்டான். அப்போதுதான் வீட்டம்மா சொல்லும் அந்த வவுச்சர் புத்தி வேலை செய்தது. டீக்கடையில் ஒரு தாள் வாங்கினேன். இத்தனை மணிக்கு நாய் இந்த நிலையில் இருந்தது, இத்தனை மணிக்கு சொந்தக்காரருக்குப் போன் செய்தோம், கிடைக்கவில்லை, போலீசுக்குச் சொன்னோம், இத்தனை மணிக்கு இந்தக் கண்ணாடி மட்டும் உடைக்கப்பட்டது, காரில் உள்ள வேறெதையும் தொடவில்லை என்று எழுதி முதல் கையெழுத்து நான் போட்டேன். பேங்க் பேரும் பதவியும் சேர்த்து. டீக்கடைக்காரர் போட்டார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்து போட்டார்கள்.

கார்க்காரர் வந்தார். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். திருடன் என்றார், போலீஸ் என்றார், கண்ணாடிக்குக் காசு யார் தருவது என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் தாளை நீட்டினேன். படித்தார். கையெழுத்துகளை எண்ணினார். "நாய் எங்கே?" என்று அப்போதுதான் கேட்டார்! அதற்குள் வந்து சேர்ந்த போலீஸ்காரரும் தாளைப் படித்துவிட்டு, "புகார் கொடுக்கிறீர்களா?" என்றார். கொடுக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. நாய் பிழைத்தது. ஜன்னலில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் அவர் திரும்பிப் போயிருப்பார். அதுவும் கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

அன்றிரவு எனக்கு என் பி.காம். மெர்க்கன்டைல் லா ஞாபகம் வந்தது. (பி.காம். படித்தவர்கள் சிரிக்கவும்.) 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 189வது பிரிவு. அவசர நேரத்தில், எஜமானனை நஷ்டத்திலிருந்து காப்பாற்ற, சாதாரண புத்தியுள்ள ஒருவன் தன் சொந்த விஷயத்தில் என்ன செய்வானோ அதையெல்லாம் செய்ய ஏஜென்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது.

இதற்குக் கூடவே ஒரு இங்கிலாந்து வழக்கும் படிப்போம். 1874, கிரேட் நார்தர்ன் ரயில்வே எதிர் ஸ்வாஃபீல்டு. ஒருவர் ரயிலில் குதிரை அனுப்பினார். குதிரை ராத்திரி வந்து இறங்கியது, வாங்கிக்கொள்ள ஆளில்லை. ரயில்வேக்காரர்கள் அதைத் தெருவில் விடவில்லை, வாடகை லாயத்தில் கட்டித் தீனி போட்டார்கள். சொந்தக்காரர் காசு தர மறுத்தார். வழக்கு நடந்தது. ரயில்வேக்குக் காசு கிடைத்தது. வாயில்லா ஜீவனை அப்படியே விட்டுவிட முடியாது, செய்தது நியாயமான செலவு என்றது கோர்ட்டு.

வழியோடு போகிற நாம் யாருக்கும் ஏஜென்ட் இல்லை என்பது உண்மை. அந்தப் பிரிவு நேரடியாக நமக்குப் பொருந்தாது. ஆனால் அதிலுள்ள அளவுகோல் பொருந்தும். இது என் கார், என் நாய், என் சாவி கடலில் விழுந்துவிட்டது என்றால் நான் என்ன செய்வேன்? நானே கல்லைத் தேடுவேன். சொந்தக்காரன் கண்ணால் பார்த்திருந்தால் என்ன செய்வானோ, அதை அவன் இடத்தில் நின்று செய்கிறோம். இங்கிலாந்தின் 1971ஆம் வருஷத்துச் சேதச் சட்டத்திலும் இதே அளவுகோல்தான். நிலைமை தெரிந்திருந்தால் சொந்தக்காரர் சம்மதித்திருப்பார் என்று உண்மையாக நம்பி உடைத்தால், அது சட்டப்படியான காரணம்.

நம் நாட்டில் என்ன? காரை உடைத்து மிருகத்தைக் காப்பாற்றலாம் என்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவில் 324வது பிரிவின்கீழ் குற்றம். ஆனால் அதே புத்தகத்தில் 19வது பிரிவு இருக்கிறது (பழைய ஐ.பி.சி.யில் 81). குற்ற எண்ணம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு, ஆளுக்கோ சொத்துக்கோ வரவிருக்கும் வேறொரு தீங்கைத் தடுக்கச் செய்த சேதம் குற்றமாகாது. பெரும் தீ பரவாமல் இருக்க நடுவிலுள்ள வீட்டை இடிப்பவனைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், சட்டத்தின் கண்ணில் நாயும் ஒரு சொத்துதான். அவருடைய ஒரு சொத்தைக் காப்பாற்ற அவருடைய இன்னொரு சொத்தை உடைக்கிறோம். பேலன்ஸ் ஷீட்டில் எழுதினால்கூட லாபம்தான்! (நான் வக்கீல் இல்லை. போலீசும் கோர்ட்டும் என்ன சொல்லும் என்பது அந்தந்த சம்பவத்தைப் பொறுத்தது.)

காரில் விட்டுப் போனவருக்கு? 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல்முறைக் குற்றத்துக்கு 50 ரூபாயைத் தாண்டாத அபராதம்தான் பல பத்தாண்டுகளாக. ஏரியல் பேயில் நாலு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அதைவிடக் கூட வரும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். டென்னசி 2015லும், ஃப்ளோரிடா 2016லும் வழிப்போக்கர் உடைக்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தன. கலிபோர்னியாவில் 2017லிருந்து அமலில் இருக்கிறது. வேறு பல மாநிலங்களில் போலீசும் தீயணைப்புக்காரர்களும்தான் உடைக்கலாம். உங்கள் மாநிலத்தில் எப்படி என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். என் அத்தை மகன் கோர்ட்டுக்கு அலையப் பயந்தானே, அவனுடைய ஊர்ச் சட்டம் கேட்பது இவ்வளவுதான்: கதவு பூட்டியிருக்கிறதா பார். ஆபத்து உடனடியானதா பார். 911க்குச் சொல், முடியாவிட்டால் உடைத்த கையோடு சொல். தேவைக்கு மேல் உடைக்காதே. ஆள் வரும்வரை அங்கேயே நில்.

கடைசியில் உள்ளதைக் கவனியுங்கள். அங்கேயே நில். எங்கள் வேலையிலும் இதுதான். மேனேஜருக்கு இவ்வளவுதான் அதிகாரம் என்று எல்லை இருக்கும். அவசரத்தில் அதைத் தாண்ட நேர்ந்தால், அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதி, காரணம் சொல்லி, ராட்டிஃபிகேஷன் வாங்க வேண்டும். எல்லை தாண்டியதற்காக யாரும் தூக்கில் போட மாட்டார்கள். மறைத்தால்தான் வினை. உடைத்துவிட்டு ஓடுகிறவனுக்கும் உடைத்துவிட்டு நிற்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. எல்லாரும் ஸ்பேனரைத் தூக்கினால் என்ன ஆகும்? கடைக்குள் பால் பாக்கெட் வாங்கப் போனவர் திரும்பி வருவதற்குள் கண்ணாடி போயிருக்கும். சில கார்களில் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். டெஸ்லாவில் 2019லிருந்து நாய்க்கென்றே ஒரு வசதி உண்டு, உள்ளே எத்தனை டிகிரி என்று திரையிலேயே காட்டும். உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி கைவரிசை காட்டுகிறவர்களும் வருவார்கள். எல்லாம் நியாயமான பயம். அதனால்தான் "உடைக்கலாமா" என்ற கேள்விக்கு "உடைக்கலாம்" என்ற ஒற்றை வார்த்தை போதாது. எனக்குத் தெரிந்த வரிசை இது:

1. கதவுகள் எல்லாவற்றையும் இழுத்துப் பாருங்கள். ஏ.சி. ஓடுகிறதா, திரையில் ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள்.

2. நாய் எழுந்து குரைக்கிறதா, சரிந்து கிடக்கிறதா? குரைத்தால் ஆளைத் தேட இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. நுரை, தள்ளாட்டம், மயக்கம் என்றால் நேரமில்லை.

3. ஒருவர் சொந்தக்காரரைத் தேடட்டும், ஒருவர் போலீசுக்கு (இந்தியாவில் 112) சொல்லட்டும், ஒருவர் போனில் படம் எடுக்கட்டும்.

4. உடைப்பதானால் நாயிடமிருந்து தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியை, மூலையில்.

5. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கிய வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கால்நடை டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

6. எழுதுங்கள். கையெழுத்துப் போடுங்கள். நில்லுங்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. முழு இன்ஷூரன்ஸ் இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ஆனால் க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸ் போகும், 50 சதவீதம் வரை சேர்த்து வைத்தவருக்கு அது கண்ணாடியைவிடப் பெரிய தொகையாகக்கூட இருக்கலாம். கணக்குப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அதைவிட நல்ல கணக்கு, நாயை வீட்டில் விட்டுவிட்டு வருவது.

நமக்கு முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைத் தெரியும். கொடி வாடுவதைப் பார்த்துத் தேரையே விட்டுவிட்டுப் போனவர். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்தோம். ஆனால் பாரி கொடுத்தது தன் தேர். அடுத்தவர் தேராக இருந்தால் என்ன செய்வது என்று நம் கதைகள் சொல்லித் தரவில்லை. தன்னுடையதைக் கொடுக்க நல்ல மனசு போதும். அடுத்தவருடையதைத் தொட நல்ல மனசோடு சாட்சியும் வேண்டும்.

அதனால்தான் ஷார்ஜா தோழன் சொன்னதை என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை. வெளியூரில் பிழைக்கிறவனுக்கு விசா, வேலை, வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரே நூலில் தொங்குகின்றன. ஒரு போலீஸ் கேஸ் போதும். எல்லாரும் ஸ்பேனரைத் தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உடைக்கிறவன் எப்போதும் ஒருத்தன்தான், பெரும்பாலும் அங்கிருப்பவர்களில் எளியவன். அவன் பக்கத்தில் நின்று, "ஆமாம், நானும் பார்த்தேன், உடைத்தது சரிதான்" என்று பேரும் விலாசமும் கொடுக்க நாலு பேர் இருந்தால் அது திருட்டு இல்லை, காப்பாற்றல். யாரும் இல்லையென்றால் அதே செயல் அவனுக்குக் கேஸாகிவிடும்.

உடைக்கத் தைரியம் இல்லாதவர்கள் ஒரு பேனாவாவது வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விசா கேட்க மாட்டார்கள்.